எட்டு வீட்டு நிறம்

கேமரா ஷார்ஜாவிலிருந்து வந்தது,
சுஹைபு காக்கா பெட்டியில்,
பால்பவுடர் டப்பாவுக்கும் தைலப் பாட்டிலுக்கும் நடுவே.
மூன்றாவது கல்யாணத்தில்தான் தெரிந்தது,
அதன் கண்ணுக்குள் ஒரு புள்ளி
இமைப்பதே இல்லை என்று.

சிவப்பு.
இடமிருந்து எண்ணினால் தொள்ளாயிரத்துப் பதினேழு,
மேலிருந்து முந்நூற்று நாற்பது.
செத்த புள்ளி என்கிறார்கள். தப்பு.
செத்தது கறுத்துப்போய்ச் சும்மா கிடக்கும்.
இது தூங்காத ரகம்.

கீழக்கரை, வடக்குத்தெரு நிக்காஹ்.
பெண்கள் பக்கத்துக்கு நான் ஒருத்தி.
ஆண்கள் பக்கத்துக் கேமராக்காரர்
வாசலுக்கு வெளியே
பிரியாணிச் சட்டிகளை வளைத்து வளைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.
ருமைஸா முகத்தை நிமிர்த்தினாள்.
நெருங்கிப் போனேன்.
புள்ளி நேரே போய்
அவள் நெற்றி நடுவில் உட்கார்ந்தது.
இருபத்திரண்டு விநாடி, குங்குமமாக.

மன்னடியிலிருந்து மாமியார் போன்:
"என்னம்மா, எங்க மருமகளுக்குப் பொட்டு வச்சு அனுப்பியிருக்கே?"
அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.
அடக்கிக்கொண்டு சொன்னார்:
"அதை எடுத்துடு. எடுக்கிறப்ப
அந்தத் தாடை மச்சத்தையும் சேர்த்து எடுத்துடு."

பொட்டை எடுப்பது சுலபம்.
இடத்தைக் காட்டினால் போதும்,
மென்பொருள் எட்டுப் பக்கமும் போய்க் கதவைத் தட்டும்:
நடுவீட்டில் ஆளில்லை,
உங்களிடம் என்ன நிறம் இருக்கிறது?
மேல்வீட்டார் கொஞ்சம், கீழ்வீட்டார் கொஞ்சம்,
மூலைவீட்டாரும் ஆளுக்கொரு துளி.
கலந்து வைத்தால் நெற்றி.
மவுத்தான வீட்டில் அடுப்பு எரியாத மூன்று நாளும்
எங்கள் தெருவில் சோறு வருவது இப்படித்தான்.
எந்தச் சட்டி யார் வீட்டுது என்று
நாலாம் நாள்தான் பிரிப்போம்.

மச்சம் அப்படியில்லை.
புள்ளி கேமராவினுடையது, நின்ற இடத்தில் நிற்கும்.
மச்சம் அவளுடையது, அவளோடு போகும்.
அதன்மேல் ஒரு வட்டம் போட்டு
ஃபிரேம் ஃபிரேமாகப் பின்னாலேயே போனேன்.

கச்சான் காற்று ஜன்னலை உலுக்கிய ராத்திரி.
கரண்ட் இரண்டு தடவை போனது.
யுபிஎஸ் கோழிக்குஞ்சாகக் கத்தியது.
அவள் சிரித்தால் மச்சம் அரை நகம் மேலே ஏறும்.
தொதல் மெல்லும்போது
சின்ன வட்டமடிக்கும், கிணற்றுத் தண்ணீரில் எறும்பு போல.
போட்டோவுக்குச் சிரிக்கும்போது மட்டும்
ஏறாது. இருந்த இடத்திலேயே இருக்கும்.
உம்மா காதில் எதையோ சொன்னபோது
துப்பட்டாவுக்குள் போய்விட்டது.
முப்பத்தோராவது ஃபிரேமில் வெளியே வந்தது, ஈரமாக.
வட்டம் அங்கே பிடியை விட்டுவிட்டது.
திரையில் ஒரு வரி: தடம் தொலைந்தது.
மவுஸைப் பிடித்து
நானே கொண்டுபோய் மறுபடி வைத்தேன்.

சுபுஹு பாங்குக்குள் ஆயிரத்து நானூறு ஃபிரேம்.
தாடை பீங்கான் தட்டு மாதிரி.
ஓட்டிப் பார்த்தேன்.
சிரிக்கிறாள்.
எது போட்டோவுக்கு, எது அவளுக்கு என்று
இப்போது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ருமைஸாவின் குரல்செய்தி.
கேட்கும் முன்பே பதிலைத் தயாராக்கி வைத்திருந்தேன்:
பயப்படாதே, மச்சம் இருக்கிற பிரதி
என்னிடம் பத்திரமாக இருக்கிறது.
"லாத்தா, ரொம்ப நல்லா வந்திருக்கு.
ஸ்கூல்ல என்னைப் புள்ளின்னுதான் கூப்பிடுவாளுக.
ராமநாதபுரத்துல ஒரு டாக்டர் லேசர்ல எடுக்கிறாராம்,
நேர்லயும் எடுத்துடலாமான்னு பார்க்கிறேன்."
பின்னால் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.
பதிலை அழித்தேன்.
ஒரு பூவை அனுப்பினேன்.
மூலக்கோப்பு நாற்பது ஜிபி,
ஹார்டுடிஸ்க்கில் இடமில்லை,
இன்னும் அழிக்கவில்லை.

கடைசி ஷாட், ஜெட்டி.
மக்ரிபுக்குப் பிந்தைய கடல், ஒரு படகும் இல்லை.
அலுத்துப்போய் அந்த ஒரு ஷாட்டில்
புள்ளியை அப்படியே விட்டுவிட்டேன்.
கடலும் வானமும் ஒட்டுகிற கோட்டுக்குச் சற்று மேலே,
தொள்ளாயிரத்துப் பதினேழில், சிவப்பாக.

மீதிப் பணம் அனுப்பிய கையோடு மாமியார் கேட்டார்:
"முடிவுல தூரத்துல ஒரு விளக்கு எரியுதே,
அழகா இருக்கு. யாரு படகும்மா அது?"

நம்ம ஊர்ப் படகுதான், என்றேன்.